ஈரத்தைத் தனியே பிரியுங்கள்: வீட்டுக் குப்பையைக் குறைக்க, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

குப்பைப் பையின் வாயைக் கட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம் அல்லவா? அந்த நாற்றம் பிளாஸ்டிக்கிலிருந்து வருவதில்லை. காகிதமும் கண்ணாடியும் நாறுவதில்லை. முந்தாநாள் வெட்டிய காய்கறித் தோல், மீந்துபோன சாப்பாடு, வடிகட்டிப் போட்ட தேயிலைச் சக்கை ஆகியவைதான் நாறுகின்றன. அவையும் காற்றோட்டமாகக் கிடந்தால் இவ்வளவு நாறாது. மூச்சுவிட வழியில்லாத பையில் மற்ற எல்லாவற்றோடும் அடைந்து கிடப்பதால்தான் அழுகி நாறுகின்றன.

இன்னொன்றும் அந்தப் பைக்குள் நடக்கிறது. காலையில் போட்ட நல்ல அட்டைப்பெட்டி மாலைக்குள் ஊறிப்போகிறது. மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய காகிதத்தில் குழம்பு பட்டுவிடுகிறது. பாட்டிலில் எச்சில் சோறு ஒட்டிக்கொள்கிறது. தனித்தனியாக இருந்தபோது பயன்படக்கூடிய பொருள்கள், ஒன்றாகக் கலந்ததும் யாரும் தொட விரும்பாத குப்பையாகிவிடுகின்றன.

இந்தச் செய்முறை முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடக்கிறது: ஈரத்தை உலர்ந்ததோடு கலக்கவிடக் கூடாது. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற படிகள் தாமாகவே எளிதாகும். உலக வங்கி 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, வீடு, கடை, அலுவலகம் எல்லாம் சேர்த்து உலகில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 0.74 கிலோ குப்பை சேருகிறது. அதில் 44 விழுக்காடு உணவுக் கழிவும் செடிகொடிக் கழிவும்தான். ஏறக்குறைய பாதிக் குப்பை, மண்ணுக்குத் திரும்பிப் போகக்கூடியது.

தொடங்கும் முன்: எதையும் வாங்காதீர்கள்

குப்பையைக் குறைக்க முடிவெடுத்ததும் பலர் முதலில் செய்வது கடைக்குப் போவதுதான். புதுத் துணிப்பை, புதுக் கண்ணாடி ஜாடிகள், மூங்கில் தூரிகை, எஃகு உறிஞ்சுகுழல். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். புதிதாக ஒரு பொருளைச் செய்யவும் தண்ணீர், மின்சாரம், மூலப்பொருள் எல்லாம் செலவாகின்றன. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கடைகளில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பையோடு பருத்திப் பையை ஒப்பிட்டுப் பார்த்தது. காலநிலைத் தாக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, ஒரு பருத்திப் பையை 50 தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும் என்று சொன்னது. தண்ணீர், ஓசோன் போன்ற எல்லாத் தாக்கங்களையும் சேர்த்தால் அது ஆயிரக்கணக்கான தடவையாகிறது.

இதற்காகத் துணிப்பை கூடாது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பையை நைந்து கிழியும்வரை பயன்படுத்துவதே சரி. ஜாடியும் டப்பாவும் அப்படித்தான். ஊறுகாய் தீர்ந்த பாட்டிலைக் கழுவி வைத்தால் அதுவே ஜாடி. இந்தப் பாடத்துக்கு வேண்டியவை பழைய வாளிகள் சில, ஒரு சின்ன அட்டைப்பெட்டி, ஒரு தாள், ஒரு பேனா. அவ்வளவுதான்.

படி 1: ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

முதல் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போலப் போடுங்கள், வழக்கம்போல வாங்குங்கள். ஆனால் குப்பைத்தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டிவையுங்கள். தொட்டியில் எதைப் போட்டாலும் அதில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். பக்கத்திலேயே பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேனாவைத் தேட வேண்டியிருந்தால் யாரும் எழுத மாட்டார்கள்.

எழுதும்போது இரண்டு விஷயம் போதும்: என்ன போட்டீர்கள், அது எப்படி வீட்டுக்குள் வந்தது. இரண்டாவதுதான் முக்கியம். "பிளாஸ்டிக் பை" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "பிளாஸ்டிக் பை, அவசரமாகக் காய் வாங்கப் போனபோது கையில் பை இல்லை" என்று எழுதினால் தீர்வும் அதிலேயே வந்துவிடுகிறது. "கீரை அரைக்கட்டு, பின்னால் மறைந்திருந்து அழுகிவிட்டது" என்று எழுதினால், மாற்ற வேண்டியது குளிர்பெட்டியை அடுக்கும் விதம் என்று தெரிகிறது.

வாரக் கடைசியில் எடையும் பார்த்துவிடுங்கள். ஆள் எடை பார்க்கும் இயந்திரம் வீட்டில் இருந்தால் போதும். குப்பைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நின்று ஒரு எண், பையை வைத்துவிட்டு நின்று ஒரு எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பையின் எடை. வாரம் முழுவதும் வெளியே போன எல்லாப் பைகளையும் கூட்டி, தேதி போட்டு எழுதிவையுங்கள். பின்னால் இந்த எண் தேவைப்படும்.

பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். திரும்பத் திரும்ப வந்த மூன்று பொருள்களை வட்டமிடுங்கள். மூன்றே மூன்று. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் நிறுத்த நினைப்பவர்கள் இரண்டாவது வாரத்திலேயே களைத்துப்போகிறார்கள். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அந்த மூன்றை மட்டும் கவனியுங்கள்.

படி 2: தொட்டியை மூன்றாக்குங்கள்

ஜப்பானில் கமிகாட்சு என்று ஒரு சிறிய மலையூர் இருக்கிறது. 2003இல், இனிக் குப்பையே இல்லாத ஊராக மாறுவோம் என்று அறிவித்தார்கள். அங்கே குப்பையை 40க்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், ஏறக்குறைய 80 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. அந்த எண்ணைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த ஊரில் உணவுக் கழிவை அவரவர் வீட்டிலேயே மக்க வைத்துவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஈரம் வீட்டோடு நின்றுவிடுவதால்தான் மற்றவை சுத்தமாக உலர்ந்து வருகின்றன, அவற்றை எத்தனை வகையாகவும் பிரிக்க முடிகிறது.

தொடக்கத்தில் நமக்கு மூன்று வகை போதும்.

ஈரத் தொட்டி: காய்கறி, பழத்தோல், மீந்த சாப்பாடு, தேயிலைச் சக்கை, காபிச் சக்கை, முட்டை ஓடு, வாடிய பூ, இலை.

உலர் தொட்டி: காகிதம், அட்டை, பாட்டில், டப்பா, கண்ணாடி, உலோகத் தகரம், பிளாஸ்டிக் உறைகள்.

ஆபத்துப் பெட்டி: தேய்ந்த பேட்டரி, எரிந்துபோன குழல்விளக்கு, காலாவதியான மருந்து, பிளேடு, ஊசி. இதற்குச் சின்ன அட்டைப்பெட்டியே போதும், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில்.

டயப்பர், மாதவிடாய் அணையாடை போன்றவை இந்த மூன்றிலும் சேராது. அவற்றைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி, எடுப்பவருக்குத் தெரியும்படி குறியிட்டுக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவருடைய கையை நினைத்துக்கொண்டு கட்டுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் இதே கவனம் வேண்டும்.

ஈரத் தொட்டியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. காய் வெட்டும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும். நான்கு அடி நடக்க வேண்டும் என்றால், அவசரத்தில் சமைக்கிறவர் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில்தான் போடுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் வீட்டில் சமைக்கிறவரிடம் கேட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஈரத் தொட்டிக்குப் பிளாஸ்டிக் பை போட வேண்டாம். அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் நீரை அது இழுத்துக்கொள்ளும், கொட்டும்போது எல்லாமாகச் சேர்ந்து வந்துவிடும்.

உலர் தொட்டியில் போடும் முன் பால், தயிர், எண்ணெய் பட்ட உறைகளை ஒருமுறை அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். இதற்கென்று நல்ல தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதில்லை. பாத்திரம் கழுவியபின் மிஞ்சிய தண்ணீரே போதும். பளபளப்பாக வேண்டாம், நாறாமல் இருந்தால் சரி.

சில பொருள்களில் எல்லோருக்கும் சந்தேகம் வரும். பில் போடும் இயந்திரத்திலிருந்து வரும் வழவழப்பான ரசீது காகிதம் போலத் தெரிந்தாலும், சூடுபட்டால் கறுக்கும் வேதிப்பூச்சு கொண்டது. பழைய பேப்பரோடும் சேர்க்க வேண்டாம், உரத்திலும் போட வேண்டாம். காகிதக் கோப்பைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது, அதனால் அதுவும் வெறும் காகிதம் ஆகாது. தேநீர்ப் பைகள் பலவற்றில் விளிம்பை ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் இழை கலக்கிறார்கள். பையைக் கிழித்துத் தூளை மட்டும் ஈரத்தில் போடுங்கள். எண்ணெய் ஊறிய அட்டையை மறுசுழற்சி ஆலை ஏற்காது. ஊறிய பகுதியைக் கிழித்துவிட்டு, சுத்தமான பகுதியை மட்டும் உலர் தொட்டிக்கு அனுப்பலாம்.

படி 3: சாப்பாடு தொட்டிக்குப் போகாமல் பாருங்கள்

உரம் போடுவதைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். சாப்பிட வேண்டிய உணவை அழுகவிட்டு உரமாக்குவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. ஓட்டல்களும் கடைகளும் சேர்ந்தாலும் வீடுகள் அளவுக்கு வரவில்லை. வீடுகளில் மட்டும் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. அதை விளைவித்த தண்ணீர், உழைப்பு, ஏற்றி வந்த எரிபொருள் எல்லாமும் சேர்ந்தே தொட்டிக்குப் போகின்றன.

அது குப்பைமேட்டில் போய்ச் சேர்ந்தபிறகும் தொல்லை தொடர்கிறது. மேலே மேலே கொட்டி அழுத்திய மேட்டின் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்பெட்டியில் ஒரு தட்டை "முதலில் இது" என்று ஒதுக்குங்கள், கண்ணுக்கு நேராக உள்ள தட்டாக இருக்கட்டும். வாடத் தொடங்கிய காய், நேற்றைய சாப்பாடு, திறந்த பாக்கெட் எல்லாம் அங்கே. சமைக்கப் போகும்போது முதலில் அந்தத் தட்டைப் பாருங்கள், அப்புறம் என்ன சமைக்கலாம் என்று யோசியுங்கள். இந்த ஒரு பழக்கமே வாரத்தில் நான்கைந்து பொருள்களைக் காப்பாற்றிவிடும்.

குளிர்பெட்டியின் வெப்பநிலை 4 அல்லது 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைபெட்டி மைனஸ் 18. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து உள்ளே வையுங்கள். மூடியின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். என்றைக்குச் செய்தது என்று தெரியாத டப்பாவைத்தான் நாம் கடைசியில் பயந்துபோய்க் கொட்டுகிறோம்.

பழங்களையும் காய்களையும் ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள். ஆப்பிள், பழுத்த வாழைப்பழம், தக்காளி போன்றவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. பக்கத்திலிருக்கும் கீரையும் வெள்ளரியும் அதனால் சீக்கிரம் மஞ்சளாகி வாடுகின்றன. கீரையைக் கழுவாமல், உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். சமைக்கும் முன் கழுவினால் போதும்.

பாக்கெட்டின் மேல் உள்ள தேதியிலும் இரண்டு வகை உண்டு. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும்" என்றிருந்தால் அது பாதுகாப்பைப் பற்றியது, மீறக் கூடாது. "இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தினால் சிறந்தது" என்றிருந்தால் அது சுவை, மொறுமொறுப்பு போன்ற தரத்தைப் பற்றியது. அந்தத் தேதி தாண்டிய மறுநாளே பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பார்த்து, முகர்ந்து, முடிவு செய்யலாம்.

படி 4: மிஞ்சிய ஈரத்தை உரமாக்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல்முறை செய்பவர்கள் கைவிடுவதும் பெரும்பாலும் இங்கேதான். நாற்றம் வந்தால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம். என் முதல் வாளியும் நாறியது. வெறும் காய்கறித் தோலையே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தேன், பத்தாவது நாள் மூடியைத் திறக்க முடியவில்லை. காரணம் தெரிந்ததும் சரிசெய்ய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

காரணம் இதுதான். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு இரண்டு வகை உணவு வேண்டும். பச்சையும் ஈரமுமான கழிவில் நைட்ரஜன் இருக்கிறது. காய்ந்த சருகு, மரத்தூள், கிழித்த அட்டை போன்றவற்றில் கார்பன் இருக்கிறது. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். இதை வீட்டில் அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் கண்ணளவு போதும்: ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்த பொருள். காய்ந்த பொருள் இன்னொரு வேலையும் செய்கிறது. இடையிடையே இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே விடுகிறது. காற்று இருந்தால் மண்வாசனை, காற்று இல்லாவிட்டால் நாற்றம்.

வாளியைத் தயார் செய்வது: மூடியுள்ள 20 லிட்டர் பழைய வாளி ஒன்றை எடுங்கள். ஆணியைச் சூடாக்கியோ துளைக்கருவியாலோ சுற்றிலும் விரல்கடை இடைவெளியில் சிறு துளைகள் போடுங்கள், அடியிலும் ஐந்தாறு. சூடான ஆணியால் போடுவதாக இருந்தால் திறந்தவெளியில் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகையை முகரக் கூடாது. வாளியை இரண்டு செங்கல்மேல் வைத்து, கீழே ஒரு தட்டு. மழையும் நேர்வெயிலும் படாத இடம்.

நிரப்புவது: அடியில் நான்கு விரல்கடை உயரத்துக்குச் சருகோ கிழித்த அட்டையோ போடுங்கள். அதன்மேல் ஒரு கைப்பிடி தோட்டமண், அதிலேயே வேண்டிய நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கடையில் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதன்பின் தினமும் அன்றைய ஈரக் கழிவு. பெரிய துண்டுகளை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த பொருளைப் போட்டு, ஈரம் கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிடுங்கள். இந்த மூடுதலை ஒருநாளும் விடக் கூடாது. ஈக்கள் முட்டையிட இடம் தேடி வருவது திறந்து கிடக்கும் ஈரத்துக்குத்தான்.

கிளறுவது: மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளறிவிடுங்கள். அப்போது ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். பிழிந்த துணியைப் போல ஈரமாக இருந்து, ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வந்தால் சரி. நீர் ஒழுகினால் காய்ந்ததைச் சேருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வாளி சில வாரத்தில் நிறையும். நிறைந்ததும் அதில் போடுவதை நிறுத்திவிட்டு அடுத்த வாளியைத் தொடங்குங்கள். நிறைந்த வாளியை வாரம் ஒருமுறை கிளறிக்கொண்டே இரண்டு மூன்று மாதம் விட்டுவிட வேண்டும். அதனால் அதுவரை மாற்றி மாற்றிப் போடப் போதிய வாளிகள் இருந்தால் சுற்று தடையில்லாமல் ஓடும். கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்து, போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாமல் போனால் உரம் தயார். முட்டை ஓடும் தடித்த தண்டும் மட்டும் அப்படியே கிடக்கும். சலித்தெடுத்து அடுத்த வாளியில் போட்டுவிடுங்கள். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டிச் செடிக்குப் போடலாம். சில நாளில் நீங்கள் விதைக்காத தக்காளிச் செடி ஒன்று முளைத்து நிற்கும். சிறிய வாளி பெரிய குவியல் அளவுக்குச் சூடாகாததால் விதைகள் பிழைத்துவிடுகின்றன. எனக்கு அதைப் பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோஷம்.

இறைச்சி, மீன், எலும்பு, பால் பொருள்கள், எண்ணெய் மிகுந்த உணவு ஆகியவற்றைத் தொடக்கத்தில் போட வேண்டாம். எலிகளை வரவழைக்கும், நாறும். நாய், பூனையின் கழிவையும் போடக் கூடாது, அதில் நோய்க்கிருமிகள் இருக்கலாம்.

ஏதாவது தவறாகப் போனால் மூக்கே சொல்லிவிடும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகைச் சேருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லை, ஈரமும் அதிகம். நன்றாகக் கிளறி அட்டையைக் கிழித்துப் போடுங்கள். மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. புழு வந்துவிட்டதே என்று பலர் வாளியையே கொட்டிவிடுகிறார்கள். அந்தப் புழுக்கள் கழிவைத் தின்று வேகமாகக் குறைக்கின்றனவே தவிர உரத்தைக் கெடுப்பதில்லை. பார்க்கப் பிடிக்காவிட்டால் காய்ந்த பொருளைக் கூட்டி ஈரத்தைக் குறையுங்கள், அடங்கிவிடும்.

வாளி வைக்க இடமே இல்லையா? கொஞ்சம் மண் தரை இருந்தால் ஒரு அடி ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கலாம். அதுவும் இல்லையென்றால், ஈரக் கழிவைத் தனியாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பிரித்துக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். உலர்ந்தவையாவது காப்பாற்றப்படும்.

படி 5: வாசலிலேயே நிறுத்துங்கள்

இப்போது முதல் வாரத்துத் தாளை மறுபடி எடுங்கள். வட்டமிட்ட மூன்று பொருள்களில் ஏதாவது ஒன்றாவது உறை, பை, பாட்டில் வகையாக இருக்கும். அதற்கு மட்டும் ஒரு மாற்று யோசியுங்கள்.

பை என்றால், மடித்த பை ஒன்று நீங்கள் எப்போதும் எடுத்துப்போகும் பைக்குள் கிடக்க வேண்டும், இன்னொன்று வாசல் ஆணியில். தண்ணீர் பாட்டில் என்றால், வெளியே கிளம்பும்போது சாவியோடு சேர்த்து எடுக்கும்படி வையுங்கள். பார்சல் உணவு என்றால், கரண்டி, முள்கரண்டி, சின்னச் சின்னச் சாஸ் பாக்கெட் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், இரண்டு முறை சொன்னபின் பழகிவிடும்.

ஒருமுறை பயன்படுத்தும் சின்னப் பாக்கெட்டுகளைத் தவிர்ப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம் காட்டுவேன். உள்ளே வெள்ளியாக மின்னும் அந்த உறை, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. அடுக்குகளைப் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சிக்கு ஏறக்குறைய பயனில்லை. அதே பொருளைப் பெரிய பொதியாக வாங்கினால் உறை குறையும். ஆனால் கெட்டுப்போகும் முன் தீர்க்கக்கூடிய அளவுதான் வாங்க வேண்டும். பெரிய பொதி வாங்கிப் பாதியைக் கொட்டினால், உறையில் மிச்சம்பிடித்ததைவிட அதிகமாக இழந்துவிடுவோம்.

பழைய பருத்தி ஆடைகளைச் சதுரமாக வெட்டி ஒரு கூடையில் வைத்தால் மேசை துடைக்கும் காகிதம் தேவைப்படாது. திரவ சோப்புக்குப் பதில் கட்டி சோப்பு வாங்கினால் பாட்டில் வராது. இப்போது வீட்டில் இருப்பது தீர்ந்தபின் மாற்றினால் போதும், பாதியில் தூக்கிப் போட வேண்டாம். அறுந்த வாரையும் கழன்ற கைப்பிடியையும் தைத்தோ ஒட்டியோ இன்னும் சில மாதம் ஓட்ட முடியுமா என்று பாருங்கள்.

படி 6: மறுசுழற்சிக்கு அனுப்புவது

இதை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிளாஸ்டிக் விஷயத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கணக்கிட்டு 2017இல் வெளியான ஆய்வின்படி, அதில் சுமார் 9 விழுக்காடுதான் மறுசுழற்சியானது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது, மற்றதெல்லாம் குப்பைமேட்டிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது.

டப்பாவின் அடியில் அம்புகளால் ஆன முக்கோணமும் உள்ளே 1 முதல் 7 வரை ஒரு எண்ணும் இருக்கும். முக்கோணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, மறுசுழற்சியாகும் என்று உறுதி சொல்லவில்லை. 1 என்பது தண்ணீர், குளிர்பான பாட்டில் வகை. 2 என்பது ஷாம்பு, சலவைத் திரவக் கெட்டி பாட்டில் வகை. இந்த இரண்டையும்தான் பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். 5 என்பது உணவு டப்பா வகை, சில இடங்களில் வாங்குவார்கள். 3, 6, 7 பெரும்பாலும் போக்கிடம் இல்லாதவை. உங்களிடம் உலர் குப்பையை வாங்குபவரிடம் எதை எடுப்பீர்கள் என்று நேரே கேட்டுவிடுங்கள். அவர் எடுக்காததை ஆசையில் உள்ளே திணித்தால் நல்லதும் சேர்ந்து கெடும்.

கண்ணாடியையும் அலுமினியத்தையும் தரம் குறையாமல் திரும்பத் திரும்ப உருக்கலாம். தாதுவிலிருந்து புதிதாகச் செய்வதோடு ஒப்பிட்டால், அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்த 95 விழுக்காடு வரை ஆற்றல் மிச்சமாகிறது. ஒரு அலுமினிய டப்பாவைக்கூட விட்டுவிடாதீர்கள். காகிதத்தின் இழை ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும், ஐந்து முதல் ஏழு சுற்று வரைதான் தாங்கும்.

ஆபத்துப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், குப்பை வண்டிக்குள்ளேயே தீப்பற்றும். அதன் முனைகளில் ஒட்டும் நாடாவைச் சுற்றிவையுங்கள். பொத்தான் போன்ற சின்ன பேட்டரிகளுக்கும் அப்படியே. குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துவிடும். குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் வையுங்கள். பெட்டி நிறைந்ததும் பேட்டரியையும் குழல்விளக்கையும் மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். மருந்துகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மருந்துக்கடைகள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

படி 7: மறுபடி எடை போடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் பார்ப்பது. இரண்டாம் வாரம் மூன்று தொட்டி. மூன்றாம் வாரம் "முதலில் இது" தட்டு. நான்காம் வாரம் உரவாளி. அதற்குப்பின் வட்டமிட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எடுங்கள். வீட்டில் யாராவது தவறான தொட்டியில் போட்டால் சத்தம் போடாமல் எடுத்து மாற்றிப் போடுங்கள், தொட்டிமேல் படம் வரைந்து ஒட்டுங்கள். குழந்தைகள் இருந்தால் வாளி கிளறும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் அவர்கள் ஒரு நாளும் மறப்பதில்லை.

எட்டாவது வாரம் அதே எடை இயந்திரத்தை எடுங்கள். அந்த வாரம் வெளியே போன பைகளை முன்போலவே நிறுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஈரம் உரவாளிக்குப் போய்விட்டதால் பை லேசாக இருக்கும், கட்டும்போது முகத்தைத் திருப்ப வேண்டியிருக்காது. பிறகு பையைத் திறந்து, இன்னும் எது மிஞ்சி நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மின்னும் உறைகளும் மெல்லிய பைகளும்தான் இருக்கும். அவற்றில் மூன்றைப் புதுத் தாளில் எழுதி, இந்த முறை தொட்டிக்கு மேலே ஒட்டாமல், கடைக்குக் கொண்டுபோகும் பைக்குள் போட்டுவையுங்கள்.